பழைய கூரைக்கு வரும் விருந்தாளிகள்

வத்தளை
18.02.2024

அன்புத் தங்கச்சி சிவானுஜாவுக்கு,

அண்ணன் ராமாமிர்தம் எழுதுவது. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இங்கே குறை இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? தோட்டத்து லய வீட்டில் அம்மா எப்படி? முழங்கால் வீக்கம் வற்றியதா?

உன் கடிதம் கிடைத்தது. எல்லவில் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கப் போகிறாய் என்று படித்ததும், உனக்கென்ன பைத்தியமா என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். தேயிலை ஃபெக்டரியில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றே என் காது போனதில் இது ஒரு லாபம். போனில் பேச முடிந்திருந்தால் அப்போதே சண்டை வந்திருக்கும். தபால் என்றால் கோபம் வழியிலேயே ஆறிவிடுகிறது.

சரி, தொடங்கு. ஆனால் ஒன்று கேள். எல்லவில் தடுக்கி விழுந்தால் ஒரு கைட் மேல்தான் விழவேண்டும். எல்லோரும் அதே பாலத்தையும் அதே மலையையும்தான் காட்டுகிறார்கள். நீயும் அதைக் காட்டினால் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாய். உன்னிடம் மட்டும் இருப்பது எது என்று பார். அதைப் பிடித்துக்கொள். நம் குடும்பத்தில் ஒருத்தியாவது தன் பெயரைச் சொல்லித் தொழில் செய்தால் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

வீட்டுக் கூரை சல்லடையாகிவிட்டதை மறக்கவில்லை. நான் வேலை செய்வது இரும்புக் கடை ஸ்டோர்ஸில் அல்லவா. முதலாளியிடம் சொல்லிப் புதுத் தகரம் அனுப்பப் பார்க்கிறேன்.

அம்மாவை மழையில் நனையவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அண்ணன்
ராமாமிர்தம்

எல்ல
24.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீங்கள் கிழித்துப் போட்ட பக்கத்தையும் அனுப்பியிருக்கலாம், படித்துச் சிரித்திருப்பேன்.

முதல் இரண்டு வாரமும் ஈ ஓட்டினேன். அட்டை அச்சடித்து ஹோட்டல் ஹோட்டலாகக் கொடுத்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் வயதான வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டியை நம் தோட்டத்து மேல் டிவிசன் மலைக்கு நடத்திக்கொண்டு போனேன். பாதி வழியில் மழை கொட்டிற்று. வேறு வழியில்லாமல் லயத்துக்குள் ஓடினோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா ஒன்றும் யோசிக்கவில்லை. "வாங்க, வாங்க, ஒக்காருங்க" என்று சாக்கை விரித்துப்போட்டு, ரொட்டி சுட்டுக் கட்டைச் சம்பலோடு கொடுத்தாள். அந்தப் பெண் அழுதுவிட்டாள் அண்ணா. சொட்டுத் தண்ணீருக்கு வைத்திருந்த சட்டியைக்கூடப் படமெடுத்தாள்.

அவர்கள் அதை இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த வாரமே ஆறு பேர் வந்து, அந்த அம்மாவின் வீட்டுக்குக் கூட்டிப்போ என்று கேட்டார்கள். இப்போது கொழும்புக் கம்பெனி ஒன்று என்னோடு பேசுகிறது. என்னிடம் மட்டும் இருப்பது எது என்று கேட்டீர்களே, அது நம் வீடுதான் போலிருக்கிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அன்புத் தங்கச்சி
சிவானுஜா

வத்தளை
20.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

புதுவருஷம் உனக்கும் அம்மாவுக்கும் நல்லதாகப் பிறந்திருக்கட்டும். நான் சுகம். ஸ்டோர்ஸில் மூன்று நாள் லீவு கொடுத்தார்கள், தூங்கியே தீர்த்தேன்.

உன் கடிதத்தை முதலாளியின் மகன் ஸரூக்கிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். அம்மாவின் ரொட்டிக்கு வெள்ளைக்காரி அழுதாளாமே. நாம் அந்த ரொட்டியைத் தின்று தின்று அழுதோம், அது வேறு.

விருந்தாளி வரும் வீடு ஒழுகக் கூடாது. தகரம் அடுத்த கிழமை லொறியில் வருகிறது. பதுளை பஜாரில் லொறிக்கார இன்ஸாப்பை உனக்குத் தெரியும், அவர் லயம் வரைக்கும் கொண்டுவந்து இறக்கித் தருவார். ஆணி, மரக்கட்டை எல்லாம் சேர்த்தே அனுப்புகிறேன். ஹாலிஎலவிலிருந்து கூரை வேலை தெரிந்த இரண்டு பாஸ்மாரைக் கூப்பிட்டால் ஒரே பகலில் வேலை முடியும். ஐப்பசி மழைக்கு முன் போட்டுவிடு.

அம்மாவின் முழங்காலைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லையே.

அன்பு அண்ணன்
ராமாமிர்தம்

எல்ல
19.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்காலுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்தோம், பரவாயில்லை.

தகரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நல்ல கனமான தகரம் என்று லயமே வந்து பார்த்தது. லயக் கூரையை மாற்றத் தோட்டத்து ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும் என்கிறார்கள். கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் போட்டுவிடலாம்.

தொழில் நன்றாகப் போகிறது. கம்பெனிக்காரர் வந்து நம் வீட்டைச் சுற்றிப் பார்த்து, இதுபோல வேறெங்கும் இல்லை என்றார். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துக் காட்டுகிறாள். இப்போது யாரும் பிரம்புக் கூடை எடுப்பதில்லை, எல்லோரும் சாக்குத்தான் கட்டுகிறார்கள். கம்பெனிக்காரர் கண்டியிலிருந்து ஒரு பிரம்புக் கூடை வாங்கிக் கொடுத்தார். பென்சன் வாங்கின பிறகும் அம்மா தலையில் கூடையா என்று லயத்தில் கேலி செய்கிறார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறாள். அதிக தூரம் நடக்கவிடுவதில்லை, படமெடுக்கிற நேரம் மட்டும்தான்.

துணைக்கு நிரோஜாவையும் இன்னொரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டேன். இருவரும் கொழுந்து மலைக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகள். இப்போது என்னோடு எல்லவில் அறை எடுத்துத் தங்கி, இங்கிலீஷ் பேசப் பழகுகிறார்கள். அவர்கள் என்னை மிஸ் என்று கூப்பிடும்போது ஒரு மாதிரி இருக்கிறது அண்ணா, நல்ல மாதிரி.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கச்சி
சிவானுஜா

வத்தளை
30.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன், அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். மிஸ் என்று எழுதலாமா என்று யோசித்தேன்.

அனுமதி கிடைத்ததா? ஆபீஸ் கிளாக்கரையா இழுத்தடித்தால் யூனியன்காரரைக் கூட்டிக்கொண்டு போ. இப்போது வெயில் காலம், கூரையைப் பிரித்தாலும் அம்மா நனைய மாட்டாள்.

பதில் போடு.

அன்பு அண்ணன்
ராமாமிர்தம்

எல்ல
25.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் ஒன்றும் வரவில்லையே? அம்மா நலம்.

இந்த இரண்டு மாதமும் மூச்சுவிட நேரமில்லை. விடியக்காலை அம்மா அடுப்புப் பற்றவைக்கும்போதே விருந்தாளிகள் வந்துவிடுகிறார்கள். கம்பெனிக்காரர்கள் ஊவா முழுவதும் உள்ள நடைப் பயணங்களில் நம்முடையதை முதலாவதாகப் போட்டிருக்கிறார்கள். பண்டாரவளையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்து, மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். லயத்துப் பிள்ளை என்று சொல்லித்தான் தொடங்கினேன். முன்பெல்லாம் ஹோட்டலில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் பதுளை டவுன் என்று பொய் சொல்வேன், உங்களுக்குத் தெரியும். இப்போது அந்தப் பொய் தேவைப்படவில்லை. இது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எழுத்தில் எப்படிச் சொல்ல?

தகரம் லயத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

அன்புத் தங்கச்சி
சிவானுஜா

வத்தளை
15.09.2024

தங்கச்சிக்கு,

நான் நலம். அம்மா நலமா என்பதை இனி உன்னிடம் கேட்டுப் பயனில்லை.

இன்ஸாப் போன கிழமை சாமான் ஏற்ற வத்தளைக்கு வந்தார். தோட்டத்து ஆபீசில் அவர் விசாரித்தாராம். கூரை மாற்ற யாரும் அனுமதி கேட்கவே இல்லையாம். கேட்டால் அன்றைக்கே எழுதித் தருவோம் என்றாராம் கிளாக்கரையா. அந்தப் பேச்சை எனக்காகத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டும்போது இன்ஸாப்புக்கே என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

நீ ஏன் பொய் எழுதினாய்? மேடையில் நீ பேசியதைப் படித்து நான் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். அதே கடிதத்தின் கடைசி வரியில் என்னை ஏமாற்றியிருக்கிறாய். தகரம் போடாததற்குக் காரணம் என்ன? ஆள் கிடைக்கவில்லையா, நேரமில்லையா, எதுவானாலும் நேராக எழுது. அதுவரைக்கும் இரவில் அம்மாவை உன் எல்ல அறைக்காவது கூட்டிக்கொண்டு போ. நானே அழைத்துக்கொள்ளலாம் என்றால், நான் படுப்பது ஸ்டோர்ஸ் மூலையில், மூட்டை தூக்குகிற ஆட்களோடு.

அண்ணன்

எல்ல
06.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கோபம் தபாலில் ஆறவே இல்லை. ஆறாமலே இருக்கட்டும். நேராகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பின தகரத்தைக் கம்பெனிக்காரர் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். கூரை மாற்றப் போகிறோம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "இப்ப மாத்தாதீங்க மிஸ். ஆளுங்க இந்த வீட்டத்தான் பாக்க வாறாங்க. புதுக் கூரை போட்டா இதுவும் மத்த வீடு மாதிரி ஆயிரும்" என்றார். ஹப்புத்தளைப் பக்கம் இப்படி ஒரு வீடு இருந்ததாம். அந்தப் பெண் வந்த வரும்படியில் தரைக்கு டைல்ஸ் பதித்தாளாம். அடுத்த மாதமே அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்களாம்.

உன்னிடம் மட்டும் இருப்பதைப் பிடித்துக்கொள் என்று எழுதியது நீங்கள்தான். என்னிடம் மட்டும் இருந்தது ஒழுகுகிற கூரை. நான் என்ன செய்ய? கம்பெனி போனால் நானும் நிரோஜாவும் அந்தப் பிள்ளையும் நாளைக்கே தெருவில் நிற்போம். நான் மறுபடி ஹோட்டல் மேசைக்குப் பின்னால் போவேன். அவர்கள் மலைக்குப் போவார்கள்.

இரவில் எல்லவுக்குக் கூட்டிப் போகலாம் என்றால், விடியக்காலை அம்மா அங்கே அடுப்படியில் இருக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டுத்தான் செய்தேன். "இருக்கட்டும் பாப்பா, ஒரு சீசன் போகட்டும்" என்றாள். தை பிறந்ததும் எப்படியும் போட்டுவிடலாம் அண்ணா.

உங்கள் உடம்பை வருத்திக்கொள்ளாதீர்கள்.

தங்கச்சி
சிவானுஜா

வத்தளை
19.10.2024

சிவானுஜாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு சரியில்லை. அதனால் கையெழுத்து இப்படி இருக்கிறது.

ஸரூக் கூட்டாளிகளோடு எல்லவுக்கு வரப் போகிறான். போனில் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர்ப்பக்கம் என்று என்னிடம் நீட்டினான். நம் வீடு. அம்மா அடுப்படியில் நிற்கிறாள், சுற்றிலும் விருந்தாளிகள், நீ அம்மா பக்கத்தில். அம்மா உன்னைப் பார்த்து என்னவோ சொல்கிறாள். நீ இங்கிலீஷில் சொல்கிறாய். எல்லோரும் கைதட்டுகிறார்கள். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடுகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஸரூக் அட்டையொன்றில் தமிழில் எழுதிக் காட்டினான். "கூரையில் மழை விழுகிற சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்கிறார் இந்த அம்மா."

ஃபெக்டரி மெஷின் இரைச்சலில் யார் பேசினாலும் கேட்காது. அங்கே நாங்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசுவோம். காது போவதற்கு முன்பே எனக்கு அது பழகிவிட்டது. இங்குள்ளவர்கள் வாய் எனக்குப் பிடிபடுவதில்லை, நம் ஆட்கள் வாய் தப்புவதில்லை. அம்மாவின் வாயைப் படிக்க எனக்கு ஸரூக்கின் அட்டை வேண்டியதில்லை.

அம்மா சொன்னது இது. "பாப்பா, கூரையப் போடச் சொல்லுடி. ராவெல்லாம் தண்ணி சொட்டுது. ஒக்காந்தே விடியுது."

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஸரூக் பயந்துபோய்ப் போனை வாங்கிக்கொண்டான். அது என் அம்மா என்று அவனிடம் சொல்லவில்லை.

தீபாவளிக்கு வருகிறேன். மறுநாளே தகரத்தை நானே போடுவேன்.

ராமாமிர்தம்

எல்ல
24.10.2024

அண்ணனுக்கு,

அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டார்கள். வாயில் வந்தது அதுதான். அவர்கள் கைதட்டியதும் அம்மாவும் சிரித்தாள், நான் அவள் சொன்னதைத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு. கம்பெனிக்காரர் அந்த வசனத்தையே விளம்பரமாகப் போட்டுவிட்டார். இப்போது வருகிறவர்கள் எல்லோரும் மழைச் சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அம்மாவும் ஒவ்வொரு முறையும் என்னிடம் கூரையைப் பற்றிச் சொல்கிறாள். இவ்வளவு பெரிய ஆட்கள் கேட்டால் யாராவது ஏதாவது செய்வார்கள் என்று நினைக்கிறாள். நான் ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறேன்.

நீங்கள் வாருங்கள். நீங்களே போடுங்கள். என்னால் போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. தீபாவளிக்கு மறுநாள் நான் விருந்தாளிகளோடு எல்லவில்தான் இருப்பேன், லயப் பக்கம் வர மாட்டேன். வந்து தடுக்கவும் மாட்டேன். அதற்குப் பிறகு நடப்பது நடக்கட்டும். ரயிலில் சாப்பாடு வாங்காதீர்கள், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

சிவானுஜா

வத்தளை
10.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வயிறும் நன்றாக இருக்கிறது. நீ சொன்னபடி ரயிலில் ஒன்றும் வாங்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் காலை ஹாலிஎலவிலிருந்து இரண்டு பாஸ்மாரோடு மேல் டிவிசனுக்கு ஏறினேன். தகரத்தில் இரண்டைக் காணோம். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற விஜயலெட்சுமி அக்கா ஆட்டுக் கொட்டிலுக்குக் கேட்டாளாம், அம்மா கொடுத்திருக்கிறாள். ஆடுகள் நனையாமல் படுத்திருந்தன. மீதித் தகரம் போதும் என்று பாஸ்மார் சொன்னார்கள். ஏணியைச் சாத்தினார்கள்.

அம்மா வெளியே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏற விடவில்லை. நான் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். நீ கம்பெனியைப் பற்றி எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது சிவானுஜா, ஒன்றைத் தவிர. நீ மாற்றிச் சொல்வது மட்டும் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். நான் சொன்னது இவ்வளவுதான்.

"கூரை போட்டா பாப்பா தொழில் போயிரும்மா. அது எனக்குந் தெரியும். ஆனா நீ நனையிறியே."

"சின்ன வயசுல இருந்து தலையக் குனிஞ்சுக்கிட்டே நடந்த புள்ள அது. இப்பத்தான் நிமுந்து நடக்குது" என்றாள். "நான் நனைஞ்சா கரைஞ்சா போயிருவேன்?"

"ஒக்காந்தே விடியுதுன்னு நீதானே சொன்ன. வீடியோவுல ஒன் வாயப் பாத்தேன்."

அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நான் படிக்கும்படி, வாயை நன்றாகத் திறந்து நிதானமாகச் சொன்னாள்.

"நான் எங்கய்யா அப்புடிச் சொன்னேன்? ஒனக்குத்தான் காது கேக்காதே."

வெளியே வந்து பாஸ்மாரை அனுப்பிவிட்டேன். அவர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே இறங்கிப் போனார்கள். உன்னைத் திட்ட வேண்டும் என்று வந்தவன், திட்டவும் வாயில்லாமல் திரும்பினேன். உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய். கோபம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

புறப்படுவதற்கு முன், அம்மாவின் கட்டிலுக்கு மேலே பொலித்தீன் விரிப்பு ஒன்றைக் கட்டிவிட்டு வந்தேன். ஆணி அடிக்க வேண்டாம், புள்ளைக்குக் கழற்ற லேசாக இருக்க வேண்டும் என்றாள். அதனால் நான்கு மூலையிலும் கொக்கிதான் போட்டிருக்கிறேன். காலையில் விருந்தாளிகள் வருவதற்குள் நிரோஜா முன்னதாக வந்து கழற்றி மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம். கால்மாட்டுப் பக்கம் முதலில் கழற்றித் தூக்கிப் பிடிக்கச் சொல். இரவு தேங்கின தண்ணீர் தலைமாட்டில் நிற்கும். அதைச் சட்டியில் சாய்த்துக்கொண்ட பிறகுதான் மற்றக் கொக்கிகளைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் மெத்தை நனைந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்
ராமாமிர்தம்